மூணு மாருதி தாங்கும் கொக்கி

மரம் ஏறுவதற்குக் காசு கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது, ஸார்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. அதுவும் புளிய மரத்துக்கு. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று வெட்டியது போக மிச்சமிருப்பதே ஏராளம். சின்ன வயசில் பையன்கள் எல்லோரும் அதில்தான் இருப்போம். கீழே அப்பா நின்று கத்துவார். இறங்கினால் முதுகில் விழும். இறங்காவிட்டால் ராத்திரி விழும். ஆக, மரம் ஏறுவதற்குக் கட்டணம் அப்போதும் இருந்தது, முதுகில் வசூலித்தார்கள். இப்போது ஜி-பே-யில் வசூலிக்கிறார்கள். அதே அப்பா ஜாதி இப்போது கீழே நின்றுகொண்டு, 'இன்னும் கொஞ்சம் மேல ஏறுடா... போட்டோல மூஞ்சி தெரியல' என்கிறது!

இந்தக் கட்டண மரமேறுதலுக்கு 'ஹை ரோப்ஸ் கோர்ஸ்' என்று பெயர். வேறொன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொன்றிலும் பாதி உயரத்தில் ஒரு பலகை மேடை. ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குக் கயிற்றுப் பாலம், ஆடும் பலகை, தொங்கும் டயர், வலை என்று விதவிதமான அவஸ்தைகள். கடைசியில் கம்பியில் தொங்கிக்கொண்டு 'சர்ர்ர்' என்று தரைக்கு வந்து சேர வேண்டும். ஸ்கவுட்டில் இருந்தவர்களுக்கு 'மங்கி பிரிட்ஜ்' ஞாபகம் இருக்கும். காலுக்கு ஒரு கயிறு, கைக்கு இரண்டு கயிறு. அதன் பணக்காரச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது படிக்கும் என் மகள் இதை ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டாள். ஒகேனக்கல் போகலாம் என்று பேரம் பேசிப் பார்த்தேன். "அங்க மூணு தடவ போயாச்சுப்பா. முதலைக்கே நம்மள அடையாளம் தெரியும்" என்றாள். கடைசியில் ஏற்காட்டில் ஒரு விடுதியை ஒட்டி இப்படி ஒரு இடம் இருப்பதாகத் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி, மகள், மாமியார். கூடவே மச்சான் குடும்பம்: மச்சான், அவர் மனைவி, ரெண்டாவது படிக்கும் பையன், மூன்று வயசுப் பெண்.

தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏற்காட்டுக்கு இன்னொரு பஸ் என்பது என் திட்டம். மச்சானுக்குப் பிடிக்கவில்லை.

"பஸ்ஸ நம்பினா மத்தியானம் ஆயிடும் மாமா. நான் வண்டியில வந்துடறேன்."

வண்டி என்றால் கார் இல்லை. பைக். டேங்க் மேல் மூன்று வயசு, அதற்குப் பின்னால் மச்சான், அவருக்குப் பின்னால் பையன், கடைசியாக அவர் மனைவி. மடியில் சாப்பாட்டுக் கூடை. "வேணாம்டா, பஸ்ஸுலயே வாடா" என்று என் மனைவி அக்கா முறையில் இரண்டு தடவை சொன்னாள். "அட, நம்ம ரோடுதானே அக்கா" என்றார். நம்ம ரோடு என்றால் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகும் ரோடு. அங்கே இறக்கத்தில் லாரிகள் நம் பின்னால் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் இரண்டு பஸ் மாறி, 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணி முடித்து இறங்கியபோது மச்சான் ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெற்றிப் புன்னகை.

அந்தப் புன்னகை டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும்தான் இருந்தது. அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பதினைந்து அடி உயரத்தில் ஒரு பொடியன் ஆடும் பலகையில் ஆடிக்கொண்டிருந்தான். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மாமா இது... புள்ளைங்கள கயித்துல தொங்க விடறாங்க!"

அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள் விசாரணை! பெல்ட் மாட்ட வந்த தம்பி திணறிப் போய்விட்டான்.

"கயிறு எத்தன வருஷம் பழசு? யார் செக் பண்றாங்க? தினமும் பண்றீங்களா? அறுந்தா யார் பொறுப்பு? நடுவுல புள்ள நின்னுட்டா யார் ஏறிப் போய் இறக்குவாங்க? இன்சூரன்ஸ் இருக்கா?"

சிரிக்காதீர்கள். எல்லாமே சரியான கேள்விகள். பணம் கட்டும் ஒவ்வொரு அப்பாவும் கேட்க வேண்டியவை. நம் நாட்டில் 2018-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தோடு சேர்ந்து வெளிவந்த சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில், இந்தக் கயிற்றுச் சமாசாரத்துக்கென்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கும் இடத்தில் பிள்ளையை ஏற்றாமல் திரும்பி வருவதே உத்தமம்.

இந்தத் தம்பிக்குப் பதில் தெரிந்திருந்தது. பொறுமையாக விளக்கினான். இடுப்பிலும் தொடையிலும் ஒரு பெல்ட். அதிலிருந்து இரண்டு வார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. தலைக்கு மேலே ஓடும் இரும்புக் கம்பியில் இரண்டையும் மாட்ட வேண்டும். அடுத்த மரத்துக்குப் போனதும் முதல் கொக்கியைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டி, அதற்கப்புறம்தான் இரண்டாவதைக் கழற்ற வேண்டும். ஆக எந்த நேரமும் ஒரு கொக்கியாவது மாட்டியபடி இருக்கும்.

"கொக்கி எவ்வளவு தாங்கும்?"

"மலையேற்றத்துக்கான ஐரோப்பிய தரம் ஸார். 20 கிலோ நியூட்டன். கிட்டத்தட்ட 2 டன்."

நான் பி.காம். கிலோ நியூட்டன் புரியாது; டன் புரியும். பழைய மாருதி 800 ஒன்று சுமார் 650 கிலோ. ஆக மூன்று மாருதியைத் தொங்கவிட்டாலும் தாங்கும். என் மகள் 26 கிலோ. மச்சானிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அரை மனசாகத் தலையாட்டிவிட்டு, பையனின் பக்கிளை மூன்றாவது தடவையாக இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணு ஸார்" என்றான் தம்பி. "எவ்ளோ கெட்டியான கொக்கியா இருந்தாலும் மாட்டினாத்தான் கொக்கி. இடுப்புல சும்மா தொங்கிட்டிருந்தா அது வெறும் சாவிக்கொத்து."

பிள்ளைகள் மேலே ஏறுவதற்குள் ஒரு சின்ன சரித்திரம். இந்த மாதிரி தடை தாண்டும் பயிற்சிகளுக்கு மூல புருஷர்களில் ஒருவர் ஜார்ஜ் எபேர் என்கிற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1902-ல் மார்ட்டினிக் தீவில் எரிமலை வெடித்து ஒரு நகரமே சாம்பலானபோது அங்கே மீட்பு வேலையில் இருந்தவர். உடம்பில் பலம் இருந்தால் மட்டும் பற்றாது, சமயத்தில் தைரியமும் வேண்டும் என்று புரிந்து, ஏறுவது, தாண்டுவது, தொங்குவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பயிற்சி முறையே உண்டாக்கினார்.

அப்புறம் இரண்டாவது உலகப் போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காக்கும் படகில் ஏறியவர்களில் வாட்டசாட்டமான இளவட்டங்கள் சீக்கிரம் செத்துப் போனார்கள். வயசான மாலுமிகள் பிழைத்தார்கள். கப்பல் கம்பெனி முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டை இது குடைந்தது. பெரிசுகள் ஏற்கெனவே நாலு கஷ்டத்தைப் பார்த்தவர்கள். பையன்களுக்கு அதுதான் முதல் கஷ்டம். குர்ட் ஹான் என்கிற கல்வியாளரோடு சேர்ந்து 1941-ல் வேல்ஸில் அபர்டவி என்ற ஊரில், இளைஞர்களுக்குக் கஷ்டத்தைப் பழக்கிவிடும் பள்ளிக்கூடம் ஒன்றை ஆரம்பித்தார். 'அவுட்வர்ட் பவுண்ட்' என்று பெயர். கடலும் மலையும் அங்கே பாடம். பின்னால் கயிறும் சேர்ந்துகொண்டது.

கஷ்டத்தைப் பழக்கும் பள்ளிக்கூடம் தனியாக எதற்கு, எங்கள் ஆபீஸ் போதாதா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. மேலே பாருங்கள். என் மகள் நின்றுவிட்டாள்.

மூன்று மரம் ஜோராகத் தாண்டியவள், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருந்த ஆடும் பலகைகளைப் பார்த்ததும் மரத்தைக் கட்டிக்கொண்டாள். அசையவில்லை. கீழே எங்கள் குடும்ப ஆலோசனைக் குழு உடனே கூடியது.

"கீழ பாக்காதடி!" என்றாள் என் மனைவி. மகள் உடனே கீழே பார்த்தாள்.

"முருகா..." என்றார் மாமியார்.

"தம்பி, இறக்கிடுங்க தம்பி! போதும்!" என்றார் மச்சான்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை என்பதே நிஜம். உதடு பிதுங்கி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பதினைந்து அடி கீழிருந்து பார்ப்பது இருக்கிறதே, அதற்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு கிடையாது.

அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி விறுவிறுவென்று அதே மேடைக்கு ஏறிப் போனாள். கையைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பயமா இருக்கா?"

தலையசைப்பு.

"எனக்கும் மொத நாள் இருந்துச்சு. இறங்கணும்னா சொல்லு, இப்பவே இறக்கி விடறேன். போகணும்னாலும் சரி. அவசரமே இல்ல. ஒரே ஒரு தடவ அந்தக் கொக்கிய மட்டும் இழுத்துப் பாரேன்."

மகள் கொக்கியைத் தொட்டாள். இழுத்தாள். அப்புறம் மரத்தை விட்டுவிட்டு, முழங்காலை மடக்கி, தன் மொத்த எடையையும் அந்த வாரில் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். தாங்கியது. மறுபடி ஒரு தடவை. தாங்கியது. அதற்கப்புறம் முதல் பலகையில் காலை வைத்தாள். பலகை ஆடியது. நின்றாள். அடுத்த பலகை. நாலாவது மரத்தைத் தொட்டபோது என் வாட்ச்சில் பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. என் தலையில் பதினோரு முடியாவது நரைத்திருக்கும்.

கம்பியில் சறுக்கிக் கீழே வந்தவளிடம், "பயமே இல்லையா கண்ணு?" என்று மச்சான் கேட்டார்.

"பயமாத்தான் மாமா இருந்துச்சு. ஆனா கொக்கி இருந்துச்சுல்ல?"

பிள்ளைகள் உயரத்தைத் தேடிப் போவது கொழுப்பெடுத்து அல்ல என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். நார்வேயைச் சேர்ந்த எல்லன் சான்ட்ஸெட்டர் என்ற அம்மையார் 2007-ல் குழந்தைகளின் துணிச்சல் விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். அதில் முதல் வகையே உயரம். நியூசிலாந்தில் டனீடின் நகரத்தில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 5 வயசுக்கும் 9 வயசுக்கும் இடையில் விழுந்து அடிபட்டவர்களுக்கு, 18 வயசில் உயரத்தைக் கண்டு பயம் குறைவாகவே இருந்தது என்று 1998-ல் எழுதினார்கள். அதற்காகப் பிள்ளையை மாடியிலிருந்து தள்ளிவிடச் சொல்லவில்லை. உயரத்தில் ஆசைப்பட்டு ஏறும் பிள்ளை உயரத்தோடு பழகிக்கொள்கிறது என்று அர்த்தம்.

மத்தியானம் மரத்தடியில் கட்டுச்சோறு. பெருமை தாங்காமல் மகள் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மாமியார் மட்டும் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, இது புளிய மரத்துக்கும் மாட்டலாமா?"

"மாட்டலாம் அத்தே. ஏன்?"

மாமியார் ஊர் பென்னாகரம் பக்கம். தை, மாசி பிறந்தால் புளி உலுக்கும் சீசன். மரத்தை ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார். ஆள் மேலே ஏறி, கிளை கிளையாகக் கால் வைத்து உலுக்க, கீழே பெண்கள் பொறுக்குவார்கள். மாமியாரும் பொறுக்கியவர்தான்.

"எங்க பக்கத்து வூட்டு அண்ணன் ஒருத்தர். அவரு ஏறாத மரம் இல்ல. ஒரு நாளு கெளை முறிஞ்சு நான் பொறுக்கிட்டிருந்த எடத்துல வந்து விழுந்தாரு. முதுகெலும்பு. அப்புறம் பன்னண்டு வருசம் கட்டில்ல..." என்றவர், தயிர் சாதத்தை மூடி வைத்தார். "ஒரு கயிறு இருந்திருந்தா வூட்டுக்கு நடந்து போயிருப்பாரு."

யாரும் பேசவில்லை. மச்சான் பையன்தான் மறுபடி பேச்சைத் தொடங்கி வைத்தான். அதுவும் அங்கே இல்லை. சாயங்காலம் பார்க்கிங்கில்.

வழக்கம்போல மூன்று வயசை டேங்க் மேல் வைத்துவிட்டு, மச்சான் வண்டியை உதைத்தார். பையன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். இடுப்பைத் தடவிப் பார்த்தான். சீட்டின் இரண்டு பக்கமும் குனிந்து தேடினான்.

"அப்பா, இதுல கொக்கி எங்க மாட்டணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே எந்தத் தம்பியும் இல்லை. மச்சான் வண்டியை ஆஃப் செய்தார். பையன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. காலையிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே? ஆபத்தான இடத்தில் ஏறினால் ஹெல்மெட் போட வேண்டும், கொக்கி மாட்ட வேண்டும். பதினைந்து அடி மரத்துக்கே அப்படி என்றால், தொப்பூருக்கு?

கேள்வி அவனுடையது, பதில் அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டுகிறவரைத் தவிர பைக்கில் ஒருவர்தான் உட்காரலாம். ஒரே ஒருவர்! 4 வயசுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் உண்டு. 9 மாதத்திலிருந்து 4 வயசு வரையுள்ள குழந்தையைக் கூட்டிப் போனால், குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் ஹார்னெஸ் பெல்ட் போட வேண்டும், குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவித்து, 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கும் விதி. எத்தனை டேங்க் மேல் அந்த பெல்ட்டைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் ஒரு விரல்கூட மடங்கவில்லை.

பேலன்ஸ் ஷீட் இது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாமல் போய் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டாதவர்கள்; பின்னால் நம்பி உட்கார்ந்தவர்கள். எங்கள் தொப்பூரில் 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்து 4 பேர் போனார்கள்.

ரோடு மட்டும் என்றில்லை. ஒகேனக்கல்லில் 2015-ல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் பலர் காவிரியோடு போனார்கள். பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்பது விதி. கரையில் மாட்டிக்கொண்டு, நடு ஆற்றில் 'சட்டை டிசைன் தெரியல' என்று அதைக் கழற்றி செல்ஃபி எடுக்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாராவது ஏற்காட்டுக்கு வந்தால் அதே ஆள், 'கயிறு எத்தன வருஷம் பழசு?' என்று கேட்பார், சந்தேகமே வேண்டாம்.

நமக்குப் பயம் இல்லாமல் இல்லை, ஸார். நிறையவே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வருகிறது. தினம் போகிற ரோட்டில், குனிந்து பார்த்தால் வருவதில்லை. பழகிவிட்டது. மரத்து மேல் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு கொக்கி, ஒரு ஹெல்மெட், பக்கத்தில் ஒரு பெண். ஹைவேயில் போகும் பிள்ளைக்கு அப்பாவின் முழங்கை.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சான் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எங்களோடு பஸ்ஸில் வந்தார்கள். மச்சான் தனியாக, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு அப்புறம் வந்து சேர்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு சின்ன ஹெல்மெட் வாங்கினார். பெல்ட் கடையில் இல்லை, சொல்லி வரவழைத்தார். பையனைக் கூட்டிப் போனால் சின்னது வீட்டில், சின்னதைக் கூட்டிப் போனால் பையன் வீட்டில். நாலு பேரும் சேர்ந்து எங்கேயாவது போவதென்றால் பஸ். மூன்று வயசுக்கு இப்போது பெல்ட் போடாவிட்டால் வண்டி நகரக் கூடாது. "கொக்கி! கொக்கி!" என்று தெருவே அதிரக் கத்துகிறதாம்.

போன வாரம் மாமியார் வந்திருந்தார். "அடுத்த தடவ ஏற்காடு போனா நீங்களும் ஏறுங்க அத்தே, பெரியவங்களுக்கும் தனியா இருக்கு" என்று வம்புக்கு இழுத்தேன்.

"எனக்கு எதுக்கு மாப்ள? அந்தக் காசுக்கு ஒரு பெல்ட்டும் ரெண்டு கொக்கியும் வாங்கிக் குடுங்க. தை மாசம் பொறந்தா எங்க ஊர்ல புளி உலுக்க ஏறுவாங்கல்ல... அவனுங்க போட்டுக்கட்டும்."

விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.